சோளக் காட்டில் எண்ணிப் பார்த்தல்

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஆவணி மாதத்தில் நீங்கள் பயணம் செய்திருக்கலாம். மல்லூரைக் கடந்ததும் சாலையின் இருமருங்கும் செம்மண் மேட்டுக்காடுகள் விரிகின்றன. கிழக்கே போதமலையும் அதற்கப்பால் கொல்லிமலையும் நீல நிறமாய்த் தோன்றுகின்றன. மழை தக்க காலத்தில் பெய்த ஆண்டாயின் நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி ஆகியவற்றின் நடுவே ஆங்காங்கே சோளப் பயிரும் பசுமையாய் நிற்கும். ஓடும் பேருந்திலிருந்து பார்ப்பவருக்கு அந்தப் பசுமை ஒரே சீராகத்தான் தெரியும். இறங்கி வரப்பின்மீது நடந்து, முழங்காலளவுகூட வளராத அப்பயிரைக் குனிந்து பார்ப்பவருக்கோ வேறொரு காட்சி புலப்படும். சில செடிகளில் சுற்றிலுமுள்ள இலைகள் பச்சையாயிருக்க, நடுக்குருத்து மட்டும் வாடி வெளுத்துச் சாய்ந்திருக்கும். விரலால் பிடித்து இழுத்தால் அது எதிர்ப்பின்றிக் கையோடு வந்துவிடும். அடிப்பகுதியை முகர்ந்தால் அழுகல் நாற்றம் வீசும்.

அந்தக் குருத்தை அறுத்தது ஒரு சிறு புழு. அதன் தாய், வீட்டு ஈயினும் சிறிய ஒரு சாம்பல் நிற ஈ. இவ்வளவு சிறிய உயிர் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பை எவ்வாறு குலைக்கிறது, அதனைச் சிறு உழவர் எவ்வாறு சமாளிக்கலாம், அதில் படித்த பிள்ளைகளாகிய உங்களுக்கு என்ன பங்கு உண்டு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சில சொற்கள். நாமக்கல் 1997-ஆம் ஆண்டு தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கும்வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒரே சமவெளியாகக் கொள்வதில் தவறில்லை. காவிரிக் கரையையும் கிணற்றுப் பாசனத்தையும் நீக்கிவிட்டால் எஞ்சியது பெரும்பாலும் வானம் பார்த்த புன்செய். இங்கே மழையை நம்பி ஆடிப்பட்டத்திலும் புரட்டாசிப்பட்டத்திலும் சோளம் விதைக்கிறார்கள். கிணற்றில் நீருள்ளவர்கள் தைப்பட்டத்திலும் சித்திரைப்பட்டத்திலும் இறவைப் பயிராகச் செய்கிறார்கள். சோளச் சோறும் சோளக் களியும் அன்றாட உணவாயிருந்த காலம் போய்விட்டது. கோழிப் பண்ணைகள் பெருகியபின் மக்காச்சோளம் பல காடுகளைப் பிடித்துக்கொண்டது. ஆயினும் சோளம் மறையவில்லை. இரண்டு கறவை மாடு வைத்திருப்பவருக்குச் சோளத்தட்டு இன்றியமையாதது. கதிர் வீட்டுக்கு, தட்டு மாட்டுக்கு என்னும் இரட்டைப் பயனே இப்பயிரைக் காத்து வருகிறது.

இந்த இரட்டைப் பயனை நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சோளத்தின்மேல் தெளிக்கும் நஞ்சு, தட்டின் வழியே மாட்டின் வயிற்றுக்கும், பாலின் வழியே வீட்டுக் குழந்தைக்கும் வரக்கூடும். சோளத்தில் பூச்சிக்கொல்லி என்பது ஏன் கடைசி வழியாக இருக்கவேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். பணம் இரண்டாவது காரணம். ஓர் ஏக்கர் மானாவாரிச் சோளத்தில் கிடைக்கும் வருவாய், இரண்டு மூன்று முறை மருந்து தெளிக்கும் செலவைத் தாங்குவது அரிது.

இனி அந்தச் சிறு ஈயைப் பார்ப்போம். இதற்குக் குருத்து ஈ என்று பெயர். சோளம் முளைத்து ஏறத்தாழ ஒரு வாரத்திலிருந்து நான்கு வாரம் வரையில்தான் இதற்குப் பயிரின்மேல் நாட்டம். பெண் ஈ இலையின் அடிப்புறத்தில், நடுநரம்புக்கு இணையாக, வெள்ளை நிறமான முட்டையைப் பெரும்பாலும் ஒற்றையாக இடுகிறது. ஓரிரு நாளில் முட்டை பொரிந்து வெளிவரும் புழு, அதிகாலையில் இலைமேல் படிந்திருக்கும் ஈரத்தின் துணையால் ஊர்ந்து குருத்துக்குள் இறங்கி, வளரும் நுனியை அறுத்துவிடுகிறது. அறுபட்ட குருத்து அழுக, அந்த அழுகலை உண்டு புழு வளர்கிறது. முட்டை ஈயாவதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் ஆகிறது.

இந்த மூன்று வாரக் கணக்கில்தான் செய்தி முழுவதும் அடங்கியிருக்கிறது. ஓர் ஊரில் முதல் மழைக்கு விதைத்த காட்டில் ஈக்கள் சிலவே இருக்கும். சேதமும் சிறிதே இருக்கும். அந்தக் காட்டிலே பிறந்த ஈக்கள் மூன்று வாரத்தில் பெருகி வெளிவரும்போது, அப்பயிர் முற்றிவிட்டபடியால் அவற்றுக்கு அங்கே வேலையில்லை. இளம்பயிர் எங்கேயென்று தேடுகின்றன. மூன்று வாரம் பிந்தி விதைத்தவருடைய காடு அப்போதுதான் நாலிலைப் பருவத்தில் நிற்கிறது. முந்தியவர் காட்டில் பெருகிய ஈ, பிந்தியவர் காட்டை அழிக்கிறது. மழை தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிட்டால் பெரும்பாலும் தப்பிவிடலாம் என்று வேளாண்மை அறிஞர்கள் கூறுவதன் காரணம் இதுவே. ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் முன்னோர் கூறிய மொழிக்கு மழைக் கணக்கோடு இப்படி ஓர் ஈக் கணக்கும் துணை நிற்கிறது.

அப்படியானால் எல்லோரும் முன்னரே விதைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். பிந்தி விதைப்பவர் யார் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். சொந்த ஏரும் மாடும் இல்லாதவர். டிராக்டருக்கு முறை சொல்லிவிட்டுக் காத்திருப்பவர். விதை வாங்கக் கைமாற்றுக் கேட்டு நடப்பவர். பகலெல்லாம் பிறர் காட்டில் கூலிக்குப் போய்விட்டுத் தம் காட்டைக் கடைசியில் பார்ப்பவர். இவர்கள் பிந்துவது சோம்பலால் நேர்வதன்று, வறுமையால் நேர்வது. ஊரிலே யாரிடம் கையிருப்புக் குறைவோ அவர் காட்டில் ஈயும் மிகுதி. ஆகவே குருத்து ஈயைப் பற்றிப் பேசும்போது, உழவு கருவியும் விதையும் உரிய நாளில் எல்லோருக்கும் கிடைப்பதைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஐந்தாறு சிறு உழவர்கள் கூடி வேளாண்மைப் பொறியியல் துறையிலிருந்து ஒரு டிராக்டரை வாடகைக்கு வாங்கி, ஒரே வாரத்தில் அனைவர் காட்டையும் உழுது விதைத்துவிட்டால், அதுவே ஒரு பூச்சித் தடுப்பாகிவிடும்.

பிந்தித்தான் விதைக்க நேர்ந்தவருக்கும் வழிகள் உண்டு. வழக்கமாக ஹெக்டேருக்கு 10 கிலோ விதைக்கும் இறவைச் சோளத்தில் 12.5 கிலோவாகக் கூட்டி விதைத்து, பயிர் களைக்கும்போது குருத்துக் காய்ந்த செடிகளை முதலில் பிடுங்கி எறியலாம். ஈக்குக் கொடுக்கும் பங்கை முன்கூட்டியே விதையாகக் கணக்கிட்டு வைப்பது என்று இதனைக் கூறலாம். நனைத்த கருவாட்டுத் தூளை ஒரு பொறியில் இட்டுக் காட்டில் வைத்தால், குருத்து ஈக்கள் அம்மணத்தை நாடி வந்து விழும். ஹெக்டேருக்குப் பன்னிரண்டு பொறிகள் வைத்து, பயிருக்கு 30 நாள் ஆகும்வரை காக்குமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. விதையைத் தகுந்த மருந்தில் நேர்த்தி செய்து விதைப்பது இன்னொரு முறை. காடெங்கும் தெளிப்பதைவிட விதையோடு மிகச் சிறிய அளவில் மருந்தைச் சேர்ப்பது செலவிலும் குறைவு, தீங்கிலும் குறைவு.

கிணற்றுப் பாசனம் உள்ளவர்களுக்கு மற்றொரு நல்ல வழி நாற்று நடுதல். நெல்லைப் போலச் சோளத்தையும் நாற்றுவிட்டு நடலாம் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். ஒரு ஹெக்டேருக்கு வேண்டிய நாற்றை 7.5 சென்ட் நிலத்திலேயே வளர்த்துவிடலாம். விதையும் 7.5 கிலோ போதும். 15 முதல் 18 நாள் வரை நாற்றங்காலில் நிற்கும் பயிரை ஈயிடமிருந்து காப்பது மிக எளிது. காவல் காக்க வேண்டிய இடம் இரண்டரை ஏக்கரிலிருந்து 7.5 சென்டாகச் சுருங்கிவிடுகிறது. குருத்துக் காய்ந்த நாற்றுகளைப் பறிக்கும்போதே கழித்துவிடலாம். நடும் காட்டில் பயிரின் காலமும் பத்து நாள் குறைகிறது. நடவுக்கு ஆட்கூலி ஆகும் என்பது உண்மையே. குடும்பத்தார் கூடி நடக்கூடிய சிறு நிலத்துக்கே இம்முறை மிகவும் ஏற்றது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பிடுங்கிய இளஞ்சோளச் செடிகளை வீணாக்குவானேன் என்று ஆட்டுக்கும் மாட்டுக்கும் போட்டுவிடக்கூடாது. இளஞ்சோளத்தில், அதிலும் வறட்சியால் வாடிய பயிரிலும் அடியிலிருந்து புதிதாய் வெடித்த தூர்களிலும், கால்நடையைக் கொல்லக்கூடிய சயனைடு நஞ்சு உண்டாகிறது. பூக்கும் பருவம் வந்தபின்பே சோளம் நல்ல தீவனமாகிறது. பிடுங்கிய செடிகளைக் குழியிலிட்டு மூடுவது நன்று. ஈயின் புழுவும் அதனோடு அழியும்.

அடுத்த பகைவன் தண்டுத் துளைப்பான். இது ஓர் அந்துப்பூச்சியின் புழு. தாய்ப் பூச்சி இலையின் அடியில் மீன் செதில்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக முட்டைகளை அடுக்கி வைக்கிறது. இளம்புழுக்கள் சுருண்டிருக்கும் குருத்திலையைக் கடித்து ஓட்டையிடுகின்றன. இலை விரியும்போது அந்த ஓட்டைகள் ஊசியால் குத்தியதுபோல் வரிசையாய்த் தோன்றும். அந்த வரிசைதான் முதல் அடையாளம். பின்னர் புழு தண்டுக்குள் நுழைந்து குடைந்து செல்கிறது. இளம்பயிரானால் குருத்துக் காயும். வளர்ந்த பயிரானால் கதிர் பதராகும். தண்டுக்குள் புகுந்த புழுவை எந்த மருந்தும் எளிதில் எட்டாது.

இப்பூச்சி வேனிற்காலத்தை எங்கே கழிக்கிறது தெரியுமா? அறுவடைக்குப்பின் காட்டில் விட்ட அடிக்கட்டைகளிலும், வீட்டருகே அடுக்கிய தட்டுப் போரிலும் உறங்கிக் கிடக்கிறது. மழை வந்ததும் விழித்தெழுந்து அந்தாகிப் பறக்கிறது. ஆதலால் கோடையுழவு செய்து அடிக்கட்டைகளைப் பொறுக்கி அழிப்பதும், தட்டை முழுதாய்ப் போடாமல் துண்டு துண்டாக நறுக்கி மாட்டுக்குப் போடுவதும், மாசி பங்குனியிலேயே நடத்தும் போர்முறைகளாகும். நறுக்கும்போது உள்ளேயுள்ள புழுக்கள் பெரும்பாலும் மாள்கின்றன. மாடும் தட்டைக் கழிக்காமல் தின்கிறது. ஆனால் தெருவில் ஒரு வீட்டார் மட்டும் நறுக்கி, பத்து வீட்டார் போரை அப்படியே வைத்திருந்தால் பயன் குறைவே.

நான்கு வரிசைச் சோளத்துக்கு ஒரு வரிசை அவரையோ தட்டைப்பயறோ ஊடுபயிராக விதைத்தால் தண்டுத் துளைப்பானின் சேதம் குறைகிறது என்பது ஆய்வில் கண்ட உண்மை. சோளத்தோடு பயறு கலந்து விதைப்பது நம் பாட்டிமார் அறிந்த பழைய முறைதான். பயிர் கலந்திருக்கும்போது, பூச்சிக்குத் தன் செடியைக் கண்டுபிடிப்பது கடினமாகிறது. பூச்சியை உண்ணும் சிலந்திகளும், அதன் முட்டைக்குள் தம் முட்டையை வைக்கும் நுண்ணிய குளவிகளும் தங்குவதற்கு இடம் கிடைக்கிறது.

இக்கருத்துக்கு உலகில் வேறோரிடத்தில் கிடைத்த சான்று ஒன்றைக் கூறுகிறேன். நம் சோளத்தைத் துளைக்கும் இதே பூச்சி ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குச் சென்று, 1930-ஆம் ஆண்டளவில் அங்கே முதலில் அறியப்பட்டது. கென்யாவில் அது சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் பெரும் பகையாயிற்று. நைரோபியிலுள்ள அனைத்துலகப் பூச்சியியல் ஆய்வு மையத்தார், இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் நிலையத்தாரோடு சேர்ந்து 1990-களில் ஒரு முறையை வகுத்தனர். பயிர் வரிசைகளுக்கிடையே டெஸ்மோடியம் என்னும் பயறுவகைச் செடி. காட்டைச் சுற்றி யானைப்புல். டெஸ்மோடியத்தின் வாசனை அந்துப்பூச்சியை விரட்டுகிறது. ஓரத்துப் புல் அதனை இழுக்கிறது. புல்லில் முட்டையிட்டுப் பிறக்கும் புழுக்களில் பெரும்பாலானவை அப்புல்லின் பசையில் சிக்கி மடிகின்றன. டெஸ்மோடியம் சுடுமல்லி என்னும் ஒட்டுண்ணிக் களையையும் அடக்குகிறது. செடி, புல் ஆகிய இரண்டும் மாட்டுத் தீவனம். உழவருக்குப் பூச்சித் தடுப்பும் தீவனமும் ஒரே வேலையில் கிடைத்தன. இரண்டு மாடும் ஒரு துண்டு நிலமும் உடைய நம் சேலத்து உழவரின் நிலைக்கும் கென்யாவின் உழவர் நிலைக்கும் வேற்றுமை மிகுதியில்லை.

இனிக் கதிர்ப் பருவத்துக்கு வருவோம். கதிர் உறையைவிட்டு வெளிவந்ததும் கதிர் நாவாய்ப்பூச்சி வந்து சேர்கிறது. பச்சை நிறமான மெல்லிய பூச்சி. பால் பிடிக்கும் மணியில் அலகைச் செலுத்தி உறிஞ்சும். மணி சுருங்கிப் பதராகும். கோவையில் பணியாற்றிய பூச்சியியலார்கள் இதனை நூறாண்டுக்கு முன்பே ஆராய்ந்திருக்கின்றனர். ஃபிளெட்சர் என்பார் 1914-இல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். பல்லார்டு என்பார் 1916-இல் இந்த நாவாய்ப்பூச்சியைப் பற்றியே தனி ஆய்வுரை எழுதினார். டி. வி. ராமகிருஷ்ண அய்யர் 1940-இல் தென்னிந்தியப் பயிர்ப் பூச்சியியலுக்கு ஒரு கைந்நூல் தந்தார். சோளக் காட்டில் நின்று, கதிரை உதறி, பூச்சியை எண்ணிப் பழகிய அறிஞர்களின் வழி வந்தவர்கள் நாம்.

இன்னொரு கதிர்ப்பூச்சி சோள மணி ஈ. கொசுவினும் சிறியது, ஆரஞ்சு நிற உடல், ஓரிரு நாளே உயிர் வாழும். அந்தச் சிறு பொழுதில் அது பூத்திருக்கும் கதிரைக் கண்டு, பூவுக்குள் முட்டையிட்டாக வேண்டும். ஒரு புழு ஒரு மணியைத் தீர்த்துவிடும். வெளிப்பார்வைக்குக் கதிர் நன்றாகவே இருக்கும்; கையில் எடுத்தால் கனமிராது. இதன் வாழ்க்கை இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடிகிறது. முன்னே பூத்த காட்டில் சிலவாயிருந்த ஈக்கள், பின்னே பூத்த காட்டில் பல மடங்காகின்றன. குருத்து ஈயிடம் கண்ட அதே கணக்கை இங்கும் காண்கிறோம். ஊரில் எல்லாக் காடுகளும் ஒரே வாரத்தில் பூத்துவிட்டால், சில ஈக்கள் பல கதிர்களிடையே பங்காகிப் போகும். முன்னும் பின்னுமாகப் பூத்தால் கடைசிக் காடு பதராகும். முளைக்கும்போதும் பூக்கும்போதும் பிந்தியவரே தண்டம் செலுத்துகிறார்.

பழைய நாட்டு வகைகளில் தலைவிரிச்சான் என்று ஒரு சோளம் உண்டு. அதன் கதிர் பெயருக்கேற்பக் கிளைகள் விரிந்து தளர்ந்திருக்கும். நெருக்கமான கதிரைப்போல் அதில் பூச்சிகள் ஒளிந்துகொள்ள இடமில்லை. வெயிலும் காற்றும் உள்ளே புகும். 1964-இல் சி.எஸ்.எச். 1 என்னும் முதல் வீரிய ஒட்டுச் சோளம் இந்தியாவில் வெளியிடப்பட்டது. குறுகிய நாளில் மிகுந்த விளைச்சல் தந்தது. அத்தகைய புதுவகைகள் பரவியபோது குருத்து ஈயும் மணி ஈயும் முன்னைக் காட்டிலும் பெருந்தொல்லையாயின. புதியவற்றை வெறுக்கவேண்டும் என்று நான் கூறவில்லை. இலை பளபளப்பாகவும் அடிப்புறத்தில் நுண்ணிய மயிருடனும் இருக்கும் வகைகளில் குருத்து ஈ குறைவாகவே முட்டையிடுகிறது என்று பிற்பாடு அறிந்த ஆராய்ச்சியாளர்கள், அக்குணத்தைப் பழைய நாட்டு வகைகளிலிருந்தே எடுத்துப் புதியவற்றில் சேர்க்க முயன்று வருகின்றனர். பழைய விதையை ஒரு பானையில் போட்டுக் காத்துவரும் மூதாட்டியும் இவ்வாராய்ச்சியில் பங்குடையவரே.

பூச்சிக்கொல்லியின் வரலாற்றையும் சுருக்கமாகக் காண்போம். இரண்டாம் உலகப் போருக்குப்பின் டி.டி.டி.யும் பி.எச்.சி.யும் நம் காடுகளுக்கு வந்தன. 1950-களில் சோளக் கதிருக்கு பி.எச்.சி. தூளைத் தூவுவதே நல்ல பரிந்துரையாக இருந்தது. அன்று சொன்னவர்கள் நல்லெண்ணத்தோடு சொன்னார்கள். அந்நஞ்சு மண்ணிலும் பாலிலும் தங்குவது பின்னர் தெரிந்தது. 1997-இல் இந்தியாவில் அது தடை செய்யப்பட்டது. 2011-இல் எண்டோசல்பானும் உச்ச நீதிமன்ற ஆணையால் நிறுத்தப்பட்டது. இதற்கிடையில் 1959-ஆம் ஆண்டிலேயே கலிபோர்னியாவைச் சேர்ந்த பூச்சியியலார் நால்வர் ஒரு கருத்தை முன்வைத்தனர். காட்டில் பூச்சி இருப்பது மட்டும் மருந்தடிக்கக் காரணமாகாது. அது செய்யப்போகும் சேதம், தடுக்கும் செலவை மிஞ்சும் நிலை வரும்போதுதான் மருந்து தேவை என்பதே அக்கருத்து. அந்த எல்லையைப் பொருளாதாரச் சேத நிலை என்கிறோம்.

சோளத்துக்கு அந்த எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. குருத்து ஈயாயினும் தண்டுத் துளைப்பானாயினும் நூற்றுக்குப் பத்துச் செடிகளில் சேதம். நாவாய்ப்பூச்சியாயின் கதிருக்குப் பத்து. மணி ஈயாயின் கதிருக்கு ஐந்து. இதனை அறிய உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. காட்டின் நான்கு மூலைகளிலும் நடுவிலுமாக ஐந்து இடங்களில் நின்று, இடத்துக்கு இருபது செடியாக நூறு செடிகளைப் பார்க்கவேண்டும். காய்ந்த குருத்து ஏழு என்றால் பொறுத்திருக்கலாம். பதினைந்து என்றால் செயற்பட வேண்டும். கதிரானால், ஒரு வெள்ளைத் துணியைக் கீழே பிடித்து மெல்ல உதறி எண்ணலாம்.

எல்லையைத் தாண்டினாலும் முதலில் கைக்கு எட்டுவது வேம்பு. இச்சமவெளியில் வேப்பமரம் இல்லாத களத்துமேடு அரிது. ஆனி, ஆடியில் உதிரும் வேப்பம் பழத்தைப் பொறுக்கிக் கழுவி நிழலில் உலர்த்தி வைக்கலாம். மூன்று மாதத்துக்குப்பின், எட்டு மாதத்துக்குள் அக்கொட்டையின் பருப்பைப் பயன்படுத்துவது நல்லது. பத்து லிட்டர் கரைசலுக்கு அரைக் கிலோ பருப்பு. இடித்து, இரவெல்லாம் நீரில் ஊறவைத்து, காலையில் துணியால் வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கவேண்டும். இதற்கும் அடங்காவிடில் வேளாண்மை அலுவலரின் யோசனைப்படி மருந்தை நாடலாம். அப்போதும் அதன் அளவையும், தெளித்தபின் எத்தனை நாள் தட்டை மாட்டுக்குப் போடக்கூடாது என்பதையும் கேட்டறிவது கடமை.

எண்ணிப் பார்ப்பதனால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்களோ? இந்தோனேசியாவின் கதையைக் கேளுங்கள். அங்கே நெல்வயல்களில் ஓயாது மருந்து தெளித்ததால், தீங்கு செய்யும் புகையான் பூச்சியைத் தின்னும் சிலந்திகளும் வண்டுகளும் மடிந்து, புகையானே பெருகியது. 1986-இல் அந்நாட்டு அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்தது. 1989 முதல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் அங்கே தொடங்கின. வாரம் ஒருநாள் காலையில் உழவர்கள் ஒரு வயலில் கூடி, செடிகளை எண்ணி, தீய பூச்சியையும் நல்ல பூச்சியையும் தாளில் படமாக வரைந்து, மருந்து தேவையா என்று தாமே விவாதித்து முடிவு செய்தார்கள். அம்முறை பல நாடுகளுக்கும் பரவி, தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

நம் மாவட்டங்களுக்கு அதன் தேவையை உணர்த்திய நிகழ்ச்சி அண்மையில் நடந்தது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த படைப்புழு 2016-இல் ஆப்பிரிக்காவில் கால் வைத்தது. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் கர்நாடகத்தில் காணப்பட்டது. அவ்வாண்டுக்குள்ளேயே தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளில் பரவிப் பெருஞ்சேதம் விளைத்தது. தலையில் தலைகீழான ஒய் என்னும் ஆங்கில எழுத்துப்போல் ஒரு கோடும், வாற்புறத்தில் சதுரமாய் நான்கு புள்ளிகளும் அதன் அடையாளம். இதன் அந்து ஓரிரவில் 100 கிலோமீட்டர் பறக்க வல்லது. மக்காச்சோளமே அதன் விருப்பம் என்றாலும் சோளத்தையும் விடுவதில்லை. வந்த புதிதில் பெயர் தெரியாத புழுவுக்குக் கடையில் கொடுத்த மருந்தையெல்லாம் கலந்து அடித்தவர்கள் உண்டு. முட்டைக் குவியலை நசுக்குவதும், இளம்புழு இருக்கும் குருத்தில் மணலும் சுண்ணாம்பும் கலந்து இடுவதும், வேம்பும், புழுவுக்கு நோய் தரும் பூஞ்சைகளும் தொடக்கத்திலேயே பயன்படுபவை. தொடக்கம் எது என்பதை அறிய, வாரம் ஒரு முறை காட்டுக்குள் சென்று பார்த்தவர் வேண்டும்.

மாணவ நண்பர்களே, விடுமுறைக்கு ஊருக்குச் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ராசிபுரத்துப் பக்கமோ, எருமப்பட்டிப் பக்கமோ, தாரமங்கலத்துப் பக்கமோ உங்கள் மாமா ஒருவர் காய்ந்த குருத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, “படிச்ச புள்ளை நீ, இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம், சொல்லு கண்ணு” என்று கேட்கிறார். உடனே ஒரு மருந்தின் பெயரைச் சொல்லிவிடுவது எளிது. “மருந்து இருக்கட்டுங்க மாமா, எப்போ வெதச்சீங்க? பக்கத்துக் காட்டுல எப்போ வெதச்சாங்க? வாங்க, நூறு செடி எண்ணிப் பார்த்துடலாம்” என்று அவரோடு காட்டுக்குள் இறங்குவதே நல்ல விடை. எண்ணியதை நாளும் பட்டமும் குறித்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு ஆனி மாதத்தில் அக்குறிப்பேட்டோடு ஊர்ப் பெரியவர்களிடம் சென்று, பிந்திய காடுகளில் எத்தனை குருத்துக் காய்ந்தன, முந்திய காடுகளில் எத்தனை என்று படித்துக் காட்டுங்கள். ஐயம் எழுந்தால் சந்தியூரிலும் நாமக்கல்லிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரைக் கேட்கலாம்.

அந்தக் கணக்கைக் கேட்டபின், ஊரார் கூடி ஒரு வாரத்தைக் குறித்து, டிராக்டர் இல்லாதவர் காட்டுக்கும் முறை ஒதுக்கி, ஒன்றாய் விதைப்பார்களானால், மருந்துக் கடைக்குப் போகவேண்டிய பணத்தில் ஒரு பகுதி வீட்டிலேயே தங்கும். ஊரில் மிகவும் ஏழையாயிருப்பவரின் காட்டிலும் கதிர் கனத்து நிற்கும். தட்டு நஞ்சின்றி மாட்டுத் தொட்டிக்கு வரும். நூறு செடி எண்ணுவதற்கு அரைமணி நேரம் போதும். வரும் ஆடியில் அந்த அரைமணியை உங்கள் ஊர்க் காட்டுக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.